எந்த வீட்டுப் பிள்ளை?
எமது பாடசாலையின் நூறாண்டும் அதன் வாசலுக்கு வந்த குடும்பங்களும்

நூற்றாண்டு காணும் ஒரு பாடசாலையின் வரலாற்றை எழுதுவோர் வழமையாக மூன்று வரிசைகளை எழுதுவார்கள்: அதிபர்களின் வரிசை, கட்டடங்களின் வரிசை, பரீட்சைப் பெறுபேறுகளின் வரிசை. இம்மலரிலும் அவை உரிய இடத்தில் உள்ளன. நாம் இங்கே எழுத முனைவது நான்காவது வரிசையொன்றை. நூறு ஆண்டுகளாக எமது மாணவிகள் காலையில் தலை பின்னி, புத்தகப் பையுடன் புறப்பட்டு வந்த வீடுகளின் வரிசை அது.

ஒரே வகுப்பில், ஒரே ஆசிரியையிடம், ஒரே கரும்பலகையைப் பார்த்துப் படித்த நாற்பது பேரில் ஒருத்தி மருத்துவ பீடத்துக்குப் போகிறாள். இன்னொருத்தி ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிடுகிறாள். எமது காலத்தில் இதற்கு இரண்டு விடைகள் இருந்தன. கெட்டிக்காரியாக இருந்தால் "மூளை" என்றார்கள். நின்றுவிட்டால் "தலையெழுத்து" என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வீடு இருந்ததை எவரும் பெரிதாகப் பேசவில்லை. எம்மில் வைத்தியர்களாகக் கடமையாற்றுவோர் தினமும் காண்பது அந்த வீட்டைத்தான். ஒரு பிள்ளையின் எடையிலும், கண் இமையின் உட்புற வெளிறலிலும், அவளோடு வந்த தாய் மருந்துச் சிட்டையை வாசிக்கும் விதத்திலும் அந்த வீடு தெரிகிறது.

ஆகவே, குடும்பப் பின்னணி ஒரு பிள்ளையின் படிப்பை எவ்வளவுக்குத் தீர்மானிக்கிறது, ஒரு பாடசாலையால் அதில் எவ்வளவை மாற்ற முடியும் என்ற கேள்வியை எமது சொந்த மண்ணின் வரலாற்றில் வைத்துப் பார்ப்போம்.

சீதனம் கொடுத்துப் படிப்பித்த காலம்

யாழ்ப்பாணத்தில் பெண்கல்வி பெற்றோரின் ஆவலால் தொடங்கவில்லை. 1824 இல் அமெரிக்க மிஷனரிமார் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கியபோது, பெண்பிள்ளையை அனுப்பச் சம்மதிக்கும் வீட்டைத் தேட வேண்டியிருந்தது. உணவும் உடையும் கொடுத்தார்கள். படிப்பை முடித்து மணமாகிப் போகும் பிள்ளைக்குச் சீதனமும் கொடுத்தார்கள். படிப்புக்கு மிஷன் செலவழித்தது என்பதோடு, பிள்ளையைப் படிக்க விட்டதற்காகக் குடும்பத்துக்கு ஏற்படக்கூடிய "நட்டத்தையும்" அது ஈடுசெய்தது என்று இதை விளங்கிக்கொள்ளலாம். வீட்டின் கணக்கை மாற்றாமல் பிள்ளையை வகுப்பில் இருத்த முடியாது என்பதை அந்த மிஷனரிமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள்.

பின்னர் மெதடிஸ்த மிஷனின் வேம்படி, 1896 இல் சுண்டுக்குளி, 1913 இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் நிறுவிய சைவப் பெண்கள் கல்லூரி என்று வாசல்கள் பெருகின. எமது பாடசாலை தொடங்கிய காலத்தில் குடாநாட்டில் பெண்பிள்ளையைப் படிக்கவைப்பது வெட்கத்துக்குரிய செயலாக இருக்கவில்லை. ஆனால் யாருடைய பெண்பிள்ளை என்ற கேள்வி இருந்தது.

அக்காலப் பாடசாலைகள் இரண்டு வகையின. தமிழில் கற்பித்த பாடசாலைகளில் கட்டணம் இல்லை. ஆங்கிலப் பாடசாலைகளில் கட்டணம் இருந்தது. அரசாங்க உத்தியோகமும் வைத்தியமும் சட்டமும் ஆங்கிலத்தின் வழியாகவே கிடைத்தன. எனவே கட்டணம் கட்டக்கூடிய வீடு எது என்பதுதான் பிள்ளையின் எதிர்காலம். எழுதுவினைஞர், ஆசிரியர், நிலமுடையோர் ஆகியோரின் வீடுகள் அதில் அடங்கின. அவற்றோடு மலாயாவில் ரயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலை செய்தோரின் வீடுகளும் இருந்தன. மலாயாவிலிருந்து வந்த காசுக்கட்டளையும் ஓய்வூதியமும் குடாநாட்டில் எத்தனையோ கல்வீடுகளை எழுப்பின. எத்தனையோ பெண்பிள்ளைகளின் பாடசாலைக் கட்டணத்தையும் கட்டின. இன்று கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் வரும் காசின் பாட்டனார் அந்தக் காசுக்கட்டளை.

பணத்தை விட உயரமான இன்னொரு மதிலும் இருந்தது. அதை எழுதாமல் விடுவது வரலாற்றுக்குச் செய்யும் அநியாயம். பிறந்த சாதி காரணமாகப் பிள்ளைகள் நிலத்தில் இருத்தப்பட்டார்கள். சில பாடசாலைகளில் சேர்க்கப்படவே இல்லை. 1920களின் கடைசியிலும் 1930களின் தொடக்கத்திலும், அரசின் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்க வேண்டும் என்ற நடவடிக்கை வந்தபோது குடாநாட்டில் கடும் எதிர்ப்புக் கிளம்பியது. பாடசாலைகள் தீக்கிரையாக்கப்பட்டன. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசும் மனச்சாட்சியுள்ள ஆசிரியர்களும் சம ஆசனத்தின் பக்கம் நின்றார்கள். ஒரு பிள்ளை வாங்கில் இருக்கும் உரிமைக்காகக் கட்டடம் எரிந்த மண்ணில் "கெட்டிக்காரப் பிள்ளை எங்கிருந்தாலும் முன்னுக்கு வரும்" என்று சொல்வது எளிதல்ல.

1945 உடைத்த மதில்

1931 இல் இலங்கைப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. ஆயினும் 1946 குடிசன மதிப்பீட்டின்போது எழுத வாசிக்கத் தெரிந்த பெண்கள் நாட்டில் சுமார் 44 வீதத்தினர் மட்டுமே. ஆண்கள் 70 வீதத்தினர். வாக்குச்சீட்டுக் கிடைத்தும் அதை வாசிக்க முடியாத பெண்களே அன்று பெரும்பான்மையினர்.

சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943 இல் வெளிவந்தது. 1945 ஒக்டோபர் முதலாந் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணம் இல்லை. கிராமங்களில் மத்திய கல்லூரிகள் எழுந்தன. கெட்டிக்கார ஏழைப் பிள்ளைகளை அவற்றின் விடுதிகளில் சேர்த்துப் படிப்பிக்கப் புலமைப்பரிசில்கள் வந்தன. இன்று வீடுகளில் நித்திரையைக் கெடுக்கும் ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் வேர் அங்கேதான் இருக்கிறது. வீட்டின் வறுமையிலிருந்து பிள்ளையைத் தூக்கிவிடும் ஏணியாகவே அது வைக்கப்பட்டது.

அதே காலத்தில் கற்பித்தல் படிப்படியாகத் தாய்மொழிக்கு மாறியது. இம்மாற்றத்தின் அரசியல் விளைவுகளைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். வீட்டுப் பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னொன்று தெரியும். தமிழ் மட்டும் தெரிந்த தாய் முதன்முறையாகத் தன் மகளின் சரித்திரக் கொப்பியைத் திறந்து "இதைச் சொல்லு பார்ப்பம்" என்று கேட்கக்கூடியவளானாள். பாடசாலையின் மொழியும் அடுப்படியின் மொழியும் ஒன்றாயின. கட்டணம் நீங்கியதற்கு ஈடான விடுதலை அது. அதன் மறுபக்கம், ஆங்கிலம் வகுப்பறையிலிருந்து விலகி வசதியான வீடுகளுக்குள் குடிபோனது. அந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள் அதைத் தொடர்ந்து அனுபவித்தார்கள்.

1960 டிசம்பரிலிருந்து உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. 1970களில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. முதலில் மொழிவாரியாகவும், 1974 இலிருந்து மாவட்டவாரியாகவும் அது நடைமுறையானது. எமது மூத்த சகோதரிகள் பலரின் கனவுகள் அதில் கருகின. அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. அதன் அரசியல் விளைவையும் நாம் எல்லோரும் அனுபவித்தோம்.

மாவட்ட முறை இன்றும் வேறு வடிவில் தொடர்கிறது. பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் பிள்ளைகள் வைத்தியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் வருவதற்கு இது உதவுகிறது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் இதன் அடியில் உள்ள எண்ணத்தைக் கவனியுங்கள். மாவட்டம் பின்தங்கியதாயின் பிள்ளையும் பின்தங்கியவள் என்று அது கொள்கிறது. ஒரே மாவட்டத்தில் வைத்திய நிபுணரின் மகளும் தோட்டத்தில் கூலிக்கு வெங்காயம் நடும் தாயின் மகளும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். மாவட்டத்தை அளக்க முடிகிறது. வீட்டை அளக்க எவரும் முயலவில்லை.

ஆய்வுகள் சொன்னவை

உலகில் இக்கேள்வியைப் பெரிய அளவில் முதலில் கேட்டவர்களுள் அமெரிக்கச் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் ஒருவர். ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் தகவல் திரட்டி அவரும் குழுவினரும் 1966 இல் வெளியிட்ட அறிக்கை அந்நாட்டை அதிர வைத்தது. கட்டடம், ஆய்வுகூடம், நூல்நிலையம் முதலியவற்றில் பாடசாலைகளுக்கிடையே உள்ள வித்தியாசத்தை விட, பிள்ளையின் வீட்டுப் பின்னணியே பெறுபேற்றின் வித்தியாசத்தைக் கூடுதலாக விளக்குகிறது என்று அது சொன்னது. அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த பிளவுடன் அறிக்கை, பெற்றோரின் மனப்பாங்குக்கு முக்கிய இடம் கொடுத்தது.

அப்படியானால் பாடசாலையால் பயனில்லையா? இதற்குப் பதில் எம்மைப் போன்ற நாடுகளிலிருந்து வந்தது. 1983 இல் ஹெய்ன்மன், லொக்ஸ்லி ஆகிய இரு ஆய்வாளர்கள் 29 நாடுகளின் தரவுகளை ஒப்பிட்டார்கள். நாடு வறியதாக இருக்கும்போது வீட்டின் செல்வாக்குக் குறைவாகவும், பாடசாலையினதும் ஆசிரியரினதும் தரத்தின் செல்வாக்குக் கூடுதலாகவும் இருப்பதை அவர்கள் கண்டார்கள். காரணம் ஊகிக்கக்கூடியது. புத்தகமே இல்லாத வீடுகள் நிறைந்த ஊரில் ஒரு நல்ல ஆசிரியை கொண்டுவரும் மாற்றம் மிகப் பெரியது. பிற்கால ஆய்வுகள், பாடசாலை வசதிகள் எல்லா இடமும் பரவப் பரவ இந்த வேறுபாடு மங்குகிறது என்றும், வறிய நாடுகளிலும் வீட்டின் கை ஓங்குகிறது என்றும் கூறின.

இவ்விரண்டையும் சேர்த்து வாசித்தால் எமது நூறாண்டு விளங்கும். எமது பாட்டிமாரின் காலத்தில் பாடசாலை வாசலைத் தாண்டுவதே பெரிய வித்தியாசம். எல்லோரும் வாசலைத் தாண்டிய பின்னர் வித்தியாசம் வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டது. பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் இப்போது பிள்ளைகளைப் பிரிக்கிறது.

ஜாம் போத்தல் வெளிச்சத்தில்

இதை வாசிக்கும் சகோதரிகளில், நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஜாம் போத்தல் விளக்கை விபரிக்கத் தேவையில்லை. 1990 இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் கிடைப்பதற்கரிய பொருளாயிற்று. போத்தலுக்குள் பஞ்சு வைத்து, கொஞ்ச எண்ணெயை ஊற்றி, அதன் சிறு சுடரில் நாம் கணக்குச் செய்தோம். வீட்டில் எத்தனை பிள்ளைகள் இருந்தாலும் ஒரு விளக்கைச் சுற்றியே இருந்தோம். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் வெறுமையானது. தென்மராட்சியிலும் வன்னியிலும் மரநிழல்களிலும், வேறு பாடசாலைகளின் பின்னேர வகுப்புகளிலும் எமது படிப்புத் தொடர்ந்தது.

அந்தக் காலத்தை நினைக்கும்போது, "எல்லோரும் ஒரே மாதிரித்தான் கஷ்டப்பட்டோம், படித்தவர்கள் முன்னுக்கு வந்தார்கள்" என்று சொல்லும் பழக்கம் எம்மிடையே உண்டு. கஷ்டம் பொதுவானது என்பது உண்மை. அது எல்லா வீட்டிலும் ஒரே அளவில் இறங்கவில்லை. சில வீடுகளில் வெளிநாட்டிலிருந்து வந்த காசு கறுப்புச் சந்தையில் ஒரு போத்தல் எண்ணெய் வாங்கப் போதுமானதாக இருந்தது. சில வீடுகளில் ஆசிரியையான தாயே புத்தகமாக இருந்தாள். இடம்பெயர்ந்தபோது பிறப்புச் சான்றிதழையும் பரீட்சைச் சான்றிதழையும் ஒரு பைலில் போட்டு முதலில் எடுத்தது எந்த வீடு? அந்தக் கடதாசியின் பெறுமதியை அறிந்த வீடு. வேறு வீடுகளில் அப்பா இல்லாமற்போயிருந்தார். மூத்த பெண்பிள்ளை தம்பி தங்கைகளுக்குச் சமைக்க நின்றாள். அந்தப் பிள்ளை எமது வகுப்பில்தான் இருந்தாள். வரவுப் பதிவேட்டில் அவளுடைய பெயருக்கு நேரே சில கிழமைகள் சிவப்பு வட்டங்கள் வந்தன. பிறகு பெயரே வரவில்லை.

2009 ஓகஸ்டில் செட்டிகுளம் முகாம்களில், கூடாரங்களிலிருந்து எழுந்து வந்த பிள்ளைகள் புலமைப்பரிசில் பரீட்சையும் உயர்தரப் பரீட்சையும் எழுதினார்கள். சில மாதங்களுக்கு முன் உறவுகளைப் பறிகொடுத்த பிள்ளைகள் அவர்கள். அவர்களுள் சித்தியடைந்தவர்களைப் பற்றிப் பெருமையுடன் பேசுகிறோம். பேச வேண்டும். சித்தியடையாத பிள்ளைக்குத் திறமை போதவில்லை என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது.

பின்னணி என்பது என்ன?

"வசதியான குடும்பம்", "வசதியில்லாத குடும்பம்" என்ற இரு சொற்களுக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறோம். வைத்தியத்தில் "உடம்பு சரியில்லை" என்பது எப்படி ஒரு நோயின் பெயரல்லவோ, அப்படித்தான் இதுவும். பிரித்துப் பார்த்தால்தான் சிகிச்சை தெரியும்.

முதலாவது உடல். குருதிச்சோகையுள்ள பிள்ளை சோர்வடைவாள், கவனம் சிதறும், வகுப்பில் அவளுக்குக் கிடைக்கும் பெயர் "சோம்பேறி". குறும்பார்வையுள்ள பிள்ளைக்குக் கரும்பலகை ஒரு பச்சை மூடுபனி. தனக்கு மங்கலாகத் தெரிகிறது என்பதே அவளுக்குத் தெரியாது, ஏனென்றால் உலகம் அப்படித்தான் இருக்கும் என்று அவள் நினைக்கிறாள். காதில் சீழ் வடியும் பிள்ளை பாதியைத்தான் கேட்கிறாள். எமது நாட்டின் பாடசாலைச் சுகாதார சேவை 1, 4, 7, 10 ஆந் தரங்களில் மருத்துவப் பரிசோதனை செய்கிறது. வாராந்த இரும்புச்சத்து மாத்திரையும் வழங்குகிறது. இது பெரிய காரியம். ஆனால் பரிசோதனையில் "கண் வைத்தியரிடம் காட்டவும்" என்று எழுதிக் கொடுக்கும் துண்டு வீட்டுக்குப் போகிறது. ஒரு நாட்கூலியை விட்டு, இரண்டு பஸ் ஏறி, பிள்ளையை கிளினிக்குக்குக் கொண்டுபோகக்கூடிய தாய் யார்? அந்த இடத்தில் பின்னணி வேலை செய்கிறது. நல்ல வீட்டுப் பிள்ளையின் மூக்குக்கண்ணாடி ஒரு கிழமையில் வருகிறது. மற்றப் பிள்ளை அடுத்த பரிசோதனை வரை, அதாவது மூன்று ஆண்டுகள், மூடுபனிக்குள் இருக்கிறாள்.

இரண்டாவது நேரம். பெண்பிள்ளைகளின் பாடசாலையில் இதைச் சிறப்பாகச் சொல்ல வேண்டும். அண்ணனுக்கு இரண்டு மணித்தியாலம் படிக்கக் கிடைக்கும் வீட்டில் தங்கைக்குத் தண்ணீர் அள்ளவும், முற்றம் கூட்டவும், குழந்தையைப் பார்க்கவும் அந்த நேரம் போகிறது. தாய் மத்திய கிழக்கில் வேலைக்குப் போன வீட்டில் பன்னிரண்டு வயதுப் பிள்ளையே குடும்பத் தலைவி.

மூன்றாவது பேச்சு. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையிடம் "இண்டைக்கு என்ன படிச்சனீ?" என்று கேட்கும் குரல் உள்ள வீடும், அந்தக் குரல் இல்லாத வீடும் ஒன்றல்ல. இதற்குப் பணம் தேவையில்லை. ஆனால் மனம் ஓய்ந்திருக்க வேண்டும். கடனுக்கு நுண்கடன் கம்பனிக்காரர் வாசலில் நிற்கும் தாயின் மனம் ஓய்ந்திருக்காது.

நான்காவது வழி தெரிதல். எந்தப் பாடத்தை எடுத்தால் எந்தத் துறைக்குப் போகலாம், விண்ணப்பம் எப்போது முடிகிறது, மீள்பரிசீலனைக்கு எங்கே எழுதுவது என்பவை பாடப்புத்தகத்தில் இல்லை. படித்தவர் உள்ள வீட்டில் அது சாப்பாட்டோடு ஊட்டப்படுகிறது. மற்றப் பிள்ளை அதைக் கேட்கத் துணியாமல் ஒரு வருடத்தை இழக்கிறாள்.

ஐந்தாவது எதிர்பார்ப்பு. பிள்ளையால் முடியும் என்று யாரோ ஒருவர் நம்பியிருக்க வேண்டும். இந்த ஐந்தில் பாடசாலை முழுதாக ஈடுசெய்யக்கூடியது இதைத்தான். எம்மில் எத்தனை பேருக்கு அந்த "யாரோ ஒருவர்" ஒரு ரீச்சராக இருந்தார் என்பதை இங்கு நாம் எண்ணிக் காட்ட வேண்டியதில்லை. ஒவ்வொருவரின் மனதிலும் ஒரு பெயர் இருக்கிறது.

தாயைப் போலப் பிள்ளை

"தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை" என்பது எமது முதுமொழி. பெரும்பாலும் ஒரு பெண்ணை மட்டந்தட்டவே இதைப் பயன்படுத்துகிறார்கள். இதைத் திருப்பி வாசித்தால் ஒரு பெண்கள் பாடசாலையின் முழு நியாயமும் அதில் அடங்கியிருக்கிறது. நூலை மாற்றினால் சேலை மாறும்.

அவுஸ்திரேலியக் குடித்தொகை ஆய்வாளர் ஜோன் கோல்ட்வெல் 1986 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்றில், வருமானம் குறைவாக இருந்தும் மரணவீதத்தைக் குறைத்துக்கொண்ட சமூகங்களாக இலங்கை, கேரளம், கொஸ்தா ரிக்கா ஆகிய மூன்றையும் ஆராய்ந்தார். பெண்களின் கல்வியை முக்கிய காரணங்களுள் ஒன்றாகக் காட்டினார். 1940களின் நடுப்பகுதியில் இலங்கையில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 140 குழந்தைகள் முதலாவது வயதை எட்டாமல் இறந்தன. இன்று அந்த எண்ணிக்கை பத்துக்கும் குறைவு. மலேரியாக் கட்டுப்பாடும், இலவச வைத்தியமும், மருத்துவிச்சிமாரின் உழைப்பும் இதில் உண்டு. காய்ச்சல் வந்த குழந்தையை நேரத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்த, சொன்ன அளவில் மருந்து கொடுத்த, எழுத வாசிக்கத் தெரிந்த தாயும் இதில் உண்டு. 1981 இல் நாட்டின் பெண்களில் 83 வீதத்தினர் எழுத வாசிக்கத் தெரிந்தவர்களாகிவிட்டார்கள்.

குடும்பப் பின்னணியை வெளியிலிருந்து பாடசாலைக்குள் வரும் பொருளாகவே எல்லோரும் பார்க்கிறார்கள். நூறாண்டு கண்ட பெண்கள் பாடசாலைக்கு வேறொரு கோணம் தெரியும். அது பின்னணியைப் பெற்றுக்கொள்வது மட்டுமல்ல, உண்டாக்கியும் அனுப்புகிறது. கைநாட்டு வைத்த பூட்டியின் மகள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தாள். அவளுடைய மகள் எஸ்.எஸ்.சி. எடுத்தாள். அவளுடைய மகள் இன்று வைத்தியசாலையில் ஸ்ரெதெஸ்கோப்புடன் நிற்கிறாள். இந்த ஏணியின் ஒவ்வொரு படியிலும், ஒரு தலைமுறை பாடசாலையில் பெற்றது அடுத்த தலைமுறைக்கு வீட்டில் கிடைத்தது. எட்டாம் வகுப்போடு நின்ற தாயின் எட்டு ஆண்டுகளும் வீண்போகவில்லை. மகள் தொடங்கியது அந்த எட்டிலிருந்துதான்.

புலம்பெயர்ந்த எமது சகோதரிகள் இதற்கு இன்னொரு சான்று. போன இடத்தில் உணவகங்களிலும் தொழிற்சாலைகளிலும் இரவு வேலை செய்த பெற்றோரின் வருமானத்தைப் பார்த்தால், அவர்களுடைய பிள்ளைகள் பல்கலைக்கழகம் போயிருக்க முடியாது. போனார்கள். காசு இல்லாத வீட்டிலும் படிப்பின் மீதான எதிர்பார்ப்பும், வழி கேட்டறியும் துணிவும், சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடசாலைக்குக் கூட்டிப்போகும் பிடிவாதமும் இருந்தன. விமானத்தில் கொண்டுபோன பெட்டியில் எடை காட்டாத பொருட்கள் அவை.

இன்றைய மதில்

1980 இலிருந்து பாடநூல் இலவசம். 1993 இலிருந்து சீருடைத் துணி இலவசம். கட்டணம், மொழி, புத்தகம், உடை என்று மதில்கள் ஒவ்வொன்றாக இடிந்தன. ஆனால் இடிந்த கற்களைக் கொண்டே புதிய மதில் ஒன்று எழுந்திருக்கிறது. அதன் பெயர் ரியூசன். பாடசாலைக் கல்வி இலவசம். பரீட்சையில் சித்தியடைவதற்கான கல்வி விலைக்கு. வறிய பிள்ளையைத் தூக்கிவிட வைத்த புலமைப்பரிசில் ஏணியே மூன்றாந் தரத்திலிருந்து மேலதிக வகுப்புக்குப் போகக்கூடிய பிள்ளையின் ஏணியாகிவிட்டது. கன்னங்கரா இல்லாதொழித்த கட்டணம் பக்கத்து ஒழுங்கையில் வேறு பெயரில் அறவிடப்படுகிறது.

2022 இன் பொருளாதார நெருக்கடியில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. கொப்பியின் விலை ஏறியது. சப்பாத்தின் விலை ஏறியது. காலைச் சாப்பாடு சில வீடுகளில் நின்றது. நெருக்கடி தணிந்துவிட்டது என்று செய்திகள் சொல்லலாம். அந்த ஆண்டு ஆறாம் வகுப்பில் வாசிப்பில் பின்தங்கிய பிள்ளை இன்னும் பின்தங்கித்தான் நிற்கிறாள்.

இனி எமது சங்கத்தின் பக்கம் வருவோம். நூற்றாண்டு நிதிக்கு உலகெங்குமிருந்து பணம் வருகிறது. முகப்பு வளைவு வேண்டும், கேட்போர் கூடம் வேண்டும், அதிகூடிய பெறுபேற்றுக்குத் தங்கப்பதக்கம் வேண்டும் என்ற யோசனைகள் வந்துள்ளன. எவற்றையும் நாம் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்றை யோசிப்போம். ஒன்பது ஏ எடுத்த பிள்ளைக்குக் கொடுக்கும் பதக்கம், பெரும்பாலும் அவளுடைய வீட்டுக்கும் சேர்த்துக் கொடுக்கும் பதக்கம். கணிதத்தில் சித்தியடையாமல் நிற்கும் பிள்ளைக்கு எமது மலரில் ஒரு பக்கமும் இல்லை.

மேலே சொன்ன ஐந்தையும் திரும்பப் பார்த்தால் செய்ய வேண்டியவை தெரியும். அவற்றின் செலவு கேட்போர் கூடத்தின் ஒரு சுவருக்குக் கூட ஈடாகாது. மருத்துவப் பரிசோதனையில் துண்டு கிடைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மாதத்துக்குள் மூக்குக்கண்ணாடி. எம்மில் வைத்தியர்களாக இருப்போர் இதைப் பொறுப்பேற்கலாம். காலையில் பசியோடு வரும் பிள்ளைக்கு, பெயர் கூப்பிட்டு வரிசையில் நிறுத்தாமல், எல்லோருக்கும் பொதுவாக ஒரு கஞ்சி. பாடசாலை விட்டபின் ஐந்தரை மணி வரை திறந்திருக்கும் ஒரு வகுப்பறை, அதில் ஓய்வுபெற்ற ஒரு ரீச்சர். வெளிநாட்டிலிருக்கும் சகோதரிகள் மாதமொருமுறை தொலைபேசித் திரையில் வந்து, எந்தப் படிப்பு எங்கே கொண்டுபோகும் என்று சொல்லித் தரலாம். மூன்று நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு நாலாம் நாள் ஒருவர் போக வேண்டும், அவ்வளவுதான். பெற்றோர் கூட்டத்துக்கு வராத தாயைக் குறை சொல்லாமல், அவளுக்கு வசதியான ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டம் வைக்கலாம்.

எமது அதிபர்மாரும் ஆசிரியைகளும் நூறு ஆண்டுகளாக இவற்றுள் பலவற்றை எவரும் கேட்காமலே, தங்கள் கைக்காசில் செய்து வந்தார்கள். எந்த அறிக்கையிலும் அது பதியப்படவில்லை. அந்தப் பழக்கத்தைச் சங்கத்தின் பழக்கமாக்குவதே எமது கோரிக்கை.

இவ்வாண்டு முதலாந் தரத்தில் சேர்ந்த சிறுமி இன்னும் கால் நூற்றாண்டில் தன் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு இதே வாசலுக்கு வருவாள், அல்லது வேறொரு நாட்டில் வேறொரு வாசலுக்குப் போவாள். அந்தப் பிள்ளையின் குடும்பப் பின்னணி என்னவென்று அன்று ஒரு ஆசிரியை படிவத்தில் எழுதுவார். அதன் முதல் வரி இப்போது எமது ஒன்றாம் வகுப்பறையில் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது.